கை பேசாது

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டால் போதும், சோறு தண்ணி இறங்காது. அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, கலர் கலரான துணியை வெட்டி, வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் பேட்ஜ் தைத்தாள். சிலதில் கண், சிலதில் காது, சிலதில் கை, சிலதில் கால். ஒன்றே ஒன்றில் மட்டும் வாய்.

எல்லாம் அக்கா மகளுக்காகத்தான். அக்காவுக்கு வெளியூரில் நர்ஸ் வேலை. குழந்தையை இவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பேர்; ஆள் அவ்வளவுதான் இருப்பாள். பேச்சு திக்கும். "சித்தி" என்று கூப்பிட வேண்டுமென்றால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, ஒருவழியாக மீதி வரும். வகுப்பில் மற்றதுகள் அதை அப்படியே செய்து காட்டிச் சிரிக்கும். ஆனால் கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள்! சிக்கிய ஜிப், ஆடும் நாற்காலி, திறக்காத பூட்டு, எதுவானாலும் அவளிடம் பேசாமல் வழிக்கு வந்துவிடும்.

பஸ் ஏறும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவ பேசறத விட்டுடாம பாத்துக்கடி. திக்கட்டும், தடுமாறட்டும், பரவால்ல. பேசிட்டே இருக்கணும். ஒருதடவ வாய மூடிட்டான்னா அப்புறம் திறக்க வைக்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"நான் இருக்கேன்ல, விடுக்கா," என்றாள் டீச்சர். சொல்வதற்கென்ன, வாய் நோகவா போகிறது?

திங்கட்கிழமை காலை பேட்ஜுகளைக் குத்திவிட்டாள். "கண்ணுங்களா, எல்லாரும் ஒரே மாதிரி கத்துக்க மாட்டாங்க. சிலருக்குப் பாத்தா புரியும், சிலருக்குக் கேட்டா புரியும், சிலருக்குச் செஞ்சு பாத்தாதான் புரியும். ஒண்ணும் ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல. யாருக்கு எது நல்லா வருதோ, அத அவங்க செய்யட்டும். அடுத்தவங்க வேலைய நாம பிடுங்கக் கூடாது. சரியா?"

"சரீங்க டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அழகாக முடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கிறதே, என்ன செய்ய?

சுண்டுவுக்குக் கை. வாய் யாருக்கென்று கேட்கவே வேண்டாம். முன்வரிசையில் ஒரு பையன் இருந்தான். வக்கீல் என்றுதான் அவனைப் பள்ளிக்கூடமே கூப்பிடும். தூக்கத்தில்கூட வாதாடுவான் என்று அவன் அம்மாவே தலையில் அடித்துக்கொள்வாள்.

முதலில் எல்லாம் அமர்க்களமாகத்தான் இருந்தது. கேலி நின்றது. சுண்டு கரும்பலகையின் ஆணியை இறுக்கியபோது பிள்ளைகள் கைதட்டின. பெரிய டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்மா! இத எல்லா வகுப்பிலயும் செய்யணும்," என்றார். அதைக் கேட்டதும் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் வகுப்பில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கியது.

ஒன்றாம் வகுப்பு அமைதியாக இருக்கிறது என்றாலே என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். இவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கும். பக்கத்தில் இருப்பதன் தோளை ஒன்று தொடும். தொட்டது அடுத்ததைத் தொடும். அது முன்வரிசை வரை போய்ச் சேர்ந்ததும் வக்கீல் எழுந்து பதில் சொல்வான். பதில் சரியாகவே இருக்கும்.

ஒருநாள் கண் பேட்ஜ் குத்திய பையன் ஒருவன் வாசற்படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். ரத்தம் கால்வரை வழிந்தது. பையன் அழவில்லை. அதாவது கண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. டீச்சர் ஓடிவருவதற்குள் வக்கீல் வந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற குரலில், "அவனுக்கு ரொம்ப வலிக்குது டீச்சர்," என்றான். மருந்து போட்டுவிட்டு டீச்சர் மூடியைத் திருகாமலே பாட்டிலை அலமாரியில் வைத்தாள். வேலை அதிகம், அதனால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் சுண்டு தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினாள். பசித்தால் தட்டைக் காட்டினாள். "வாயால கேளுடி ராசாத்தி," என்று கெஞ்சினால், அவள் பேட்ஜைத் தொட்டுக் காட்டிவிட்டுப் புன்னகைத்தாள். திக்கித் திணறிய நாளெல்லாம் அவள் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி இப்போது இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் டீச்சருக்கு முதல்முறையாக நிஜமான பயம் வந்தது.

மறுநாள் வகுப்பில் நேரடியாகவே கேட்டாள். "சுண்டு ஏன் பேச மாட்டேங்கறா?"

தோள்கள் தொட்டுக்கொண்டன. வக்கீல் எழுந்தான். "அவ கை டீச்சர். கை பேசாது."

"யாருடா சொன்னது? யாரு வேணா பேசலாம்!"

"நீங்கதான் டீச்சர் சொன்னீங்க. அடுத்தவங்க வேலைய பிடுங்கக் கூடாதுன்னு." அவன் குரலில் குறும்பு எதுவும் இல்லை, பொறுமைதான் இருந்தது. "நாங்கல்லாம் சேர்ந்து ஒரே ஆளு டீச்சர். அதனால யாரும் யாரையும் கிண்டல் பண்றதில்ல."

பின்னால் அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஆட்கள் வந்து இந்த வகுப்பைப் பார்ப்பதாக இருந்தது. பெரிய டீச்சர் நாற்காலியெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பாவி, நினைத்தாளே!

வெள்ளிக்கிழமை வக்கீலுக்குக் காய்ச்சல். வரவில்லை.

வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு டீச்சர் திரும்பி வந்தபோது விளையாட்டு நேரம் முடிந்திருந்தது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தன. மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலி.

"சுண்டு எங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"பாத்ரூம் போயிருக்காளா? யாராவது பாத்தீங்களா?"

கண் பேட்ஜ் குத்திய பிள்ளைகள் அவளை இமைக்காமல் பார்த்தன. பார்த்திருக்கின்றன. அவளுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. தோளைத் தொடுவது தொடங்கியது. ஒன்று அடுத்ததை, அடுத்தது அதற்கடுத்ததை. முன்வரிசையில் வக்கீலின் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி கையை நீட்டி, வெறும் காற்றைத் தொட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கடா! யாராவது சொல்லுங்களேன்!" டீச்சர் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தக் குழந்தையின் கண்ணில் நீர் முட்டியது, உதடு துடித்தது, ஆனால் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். காது பேட்ஜ் குத்தியவை எல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்திருந்தன. கண்கள் எல்லாம் அதே பக்கம் திரும்பியிருந்தன. கால் பேட்ஜ் குத்தியவற்றின் பாதங்கள் பெஞ்சுக்கு அடியில் அந்தப் பக்கமாகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் இருந்தது விளையாட்டுச் சாமான் அறை.

ஓடினாள். அறையில் யாரும் இல்லை. பந்து, கயிறு, சுருட்டி வைத்த பாய்கள். பாய்கள் வெளியே கிடந்தன. அவற்றை வைக்கிற பெரிய மரப்பெட்டி மூடியிருந்தது. அதன் கீல் ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. சுண்டு சரி செய்ய உள்ளே இறங்கியிருக்க வேண்டும். கனத்த மூடி விழுந்து, வெளிக்கொக்கி தானாக மாட்டிக்கொண்டிருந்தது.

கொக்கியை இழுத்துத் திறந்தபோது உள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. சுண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. விரல் நகங்களில் ரத்தம். உள்பக்கமிருந்து கீலின் திருகாணி ஒன்றை வெறும் விரலால் பாதி கழற்றியிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு. ஒரு கூப்பாடு போட்டிருந்தால் போதும், நடந்துபோகிற யார் காதிலும் விழுந்திருக்கும்.

டீச்சர் அவளை அள்ளி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாமான் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டி கத்தல? ஏன்டி என் தங்கமே, சித்தின்னு ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? செத்துப் போயிருப்பியேடி!" அழுகை பொங்கிப் பொங்கி வந்தது. ஒரு கையால் அந்தப் பேட்ஜைப் பிய்த்து எறிந்தாள். "இனி அதெல்லாம் இல்ல. ஒண்ணும் இல்ல. பேசுடி. திக்கிப் பேசு. ஒரே ஒரு வார்த்தை பேசுடி."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக வகுப்பிலிருந்து வந்து சுற்றி நின்றன.

சுண்டு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. "சி..." என்றாள். "சி... சி..."

"அப்படித்தான்! சொல்லு, சொல்லுடி கண்ணு!"

முன்வரிசைச் சிறுமி மெல்லக் குனிந்தாள். முகம் நிறைய இரக்கம். தன் சின்னக் கையைச் சுண்டுவின் வாய்மேல் வைத்து மூடினாள், வலிக்காமல், அழுகிற தம்பியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். உடனே இன்னொரு கை வந்தது. அதையும் தள்ளினாள். வேறொன்று வந்தது. கோபமில்லாமல், அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

கடைசியில் அவள் தள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சுண்டு தானாகவே வாயை மூடிக்கொண்டாள்.