பேக்கரிக்காரன் ஜெயித்தாக வேண்டும்

வார்த்தை வாயை விட்டு விழுந்ததுமே சென்ஸிக்குத் தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று. ஆனால் சொன்ன இடம் அப்படி. பனிமலை ஊரான கிரான்பாக்கின் மதுக்கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வட்ட மேஜை இருக்கிறது. ஊர்க்காரர்கள் மட்டும் உட்காரும் மேஜை. அங்கே சொன்னதைத் திரும்ப வாங்கும் வழக்கம் கிடையாது. எப்போதோ ஒருத்தர் வாங்கினாராம். அவருடைய பேரனை இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நடந்தது இதுதான். பேக்கரி க்விரின் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"சென்ஸி, கார்னிவல் டான்ஸுக்கு நீ யார்கூடயும் போகலைன்னா... என்கூட வர்றியா?"

மேஜை கப்சிப் ஆனது. பீர் குடித்துக்கொண்டிருந்தவன்கூட விழுங்காமல் காத்திருந்தான். சென்ஸிக்குக் காதுவரை சூடு ஏறியது. ஐம்பது வயதைத் தாண்டி, புருஷன் போன பிறகு ஒரு விடுதியைத் தனியாளாக நடத்துகிற பெண், நாலு பேர் பார்க்க முகம் சிவந்து நின்றால் எப்படி? அதனால் சிரித்து மழுப்பினாள்.

"முதல்ல சறுக்குவண்டிப் பந்தயத்துல என்னை ஜெயிச்சுக் காட்டுய்யா. அப்புறம் பார்க்கலாம்!"

மேஜையே வெடித்துச் சிரித்தது. க்விரின் மட்டும் சிரிக்கவில்லை. "சரி" என்றான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

கஷ்டம் என்னவென்றால், சென்ஸியை அந்தப் பந்தயத்தில் யாரும் ஜெயித்ததில்லை. அவளுக்குச் சறுக்குப் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். உடம்பும் நல்ல கனம். கனம் இருந்தால்தான் பனியில் வண்டி வேகமாக இறங்கும். க்விரினோ விறகுக்குச்சி. "பேக்கரிக்காரனே இப்படி இருந்தா உன் ரொட்டியை எவன்யா நம்புவான்?" என்று ஊரே கேட்கும்.

அதைவிடப் பெரிய கஷ்டம், அவளுக்கு அந்த டான்ஸுக்குப் போக ஆசை. தினமும் காலையில் விருந்தாளிகளுக்கான ரொட்டிக் கூடையை அவன் வாசலில் வைத்துவிட்டுப் போவான். அதில் கசகசா தூவிய ரொட்டி ஒன்று மட்டும் தனித் தாளில் சுற்றி இருக்கும். எப்போதோ ஒரு தடவை பிடிக்கும் என்று சொல்லியிருந்தாள். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும்தான்.

பந்தயத்தன்று மலைமேல் இருக்கும் குடிசை உணவகத்தில் கூட்டம் அலைமோதியது. அங்கிருந்துதான் பாதை கிளம்பும், கீழே தேவாலயத்து வாசலில் முடியும். உணவகம் நடத்தும் ஃப்ரோனி சென்ஸியின் சிநேகிதி. புகைபோட்ட பன்றிக்கறித் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, குனிந்து கிசுகிசுத்தாள்.

"வேணும்னே தோத்துடேன்டி."

"எப்படித் தோக்கறது? காலை ஊன்றி பிரேக் போட்டா பனி பொங்கும். ஊர் பூரா கண்ணு வச்சுக்கிட்டு நிக்குது."

"அப்ப அவனை வேகமாப் போக வை."

"அவனை எங்க வேகமாப் போக வைக்கிறது? காத்தடிச்சா மேலே பறந்துடுவான்."

ஃப்ரோனி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சென்ஸி தட்டைப் பார்த்தாள். கறியைத் தின்றாயிற்று. ஓரத்தில் தடித்த தோல் மட்டும் கிடந்தது, கொழுப்பு மினுங்க. சின்ன வயதில் வீட்டுச் சறுக்குவண்டி வேகமாக வழுக்க, அடியில் எல்லோரும் இதைத்தானே தேய்ப்பார்கள்?

தோலைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சுவரோரம் வண்டிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். க்விரினுடையதில் மாவுக்கறை இருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். அடியிலிருந்த இரும்புப் பட்டைகளில் அழுத்தித் தேய்த்தாள். பட்டை பளபளத்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மூலையில் படுத்திருந்த உணவகத்து நாய் வாஸ்டல் தலையைத் தூக்கி மூக்கைச் சுருக்கியதை அவள் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் இரண்டு வண்டிகள்தான் இறங்கும்; சென்ஸியும் க்விரினும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வட்ட மேஜை ஆட்கள் பாதையோரம் நின்று கத்தினார்கள்.

"க்விரின், பாக்கெட்டுல ரெண்டு கல்லு போட்டுக்கடா!"

"சென்ஸி, டான்ஸுக்கு செருப்பு வாங்கிட்டியா?"

"உங்க வேலையைப் பாருங்கய்யா!" என்றாள் சென்ஸி. பக்கத்தில் பார்த்தாள். க்விரின் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது.

முதல் வளைவிலேயே அவன் அவளைத் தாண்டினான். விறகுக்குச்சிதான், ஆனால் எண்ணெய் போட்ட விறகுக்குச்சி. 'அப்படித்தான், போ' என்று சென்ஸி மனசுக்குள் கூத்தாடினாள். அப்போதுதான் பின்னாலிருந்து குரைப்பு கேட்டது. கன்றுக்குட்டி மாதிரி இருக்கும் வாஸ்டல், காதுகள் பறக்க, அவளைத் தாண்டிப் பாய்ந்தது. மரப்பாலத்துக்கு முன்னால் க்விரினை எட்டிப் பிடித்து, வண்டியின் பின்பக்கத்தை வாயால் கவ்விக்கொண்டது.

"விடுறா! டேய் வாஸ்டல், விடுறா! உனக்கு என்னடா வேணும்?"

நாய்க்கு என்ன வேணும் என்று சென்ஸிக்கு மட்டும்தான் தெரியும். க்விரினின் வண்டி பாதையின் நடுவில் ஊசலாட, அவளுடையது ஓரமாக அவனைக் கடந்து வழுக்கியது. நிறுத்தவும் முடியவில்லை, அந்த இறக்கம் அப்படி. கீழே தேவாலயம் தெரிந்தது. கூட்டம் தெரிந்தது. எல்லைக்கோட்டுக்கு முன்னால் தரை சமமாகி வண்டி மெதுவானது. இன்னும் கொஞ்சம் போனால் ஜெயித்துவிடுவாள். ஜெயித்தால் டான்ஸ் கிடையாது.

சென்ஸி காலை உதறினாள். பூட்ஸ் ஒரு பக்கம் பறந்தது. அவள் ஒரு பக்கம் விழுந்தாள், கொஞ்சம் அதிகமாகவே உருண்டாள். "ஐயோ, என் பூட்ஸ்!" என்று சத்தமாகச் சொன்னாள்.

நாயை ஒருவழியாக மடியில் ஏற்றிக்கொண்டு க்விரின் வந்து சேர்ந்தான். நேராகப் போனால் வெற்றி. போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னம்மா சென்ஸி, அடி பட்டுச்சா?"

விழுந்தவரை விசாரிக்காமல் தாண்டிப் போகாதீர்கள் என்று ஒவ்வொரு குளிர்காலமும் விருந்தாளிகளிடம் மூச்சு விடாமல் சொல்கிறவளே சென்ஸிதான். இதை எப்படி மறந்தாள்?

"ஒண்ணுமில்ல. நீ போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கணுக்காலைக் காட்டு."

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போய்யா."

"பூட்ஸ் இல்லாம எப்படி? இரு, எடுத்துட்டு வர்றேன்." நாயை இறக்கிவிட்டுப் பனியில் தேடக் கிளம்பினான். பூட்ஸுக்குள்ளிருந்த பனியைத் தட்டிக் கொட்டினான். உள்ளே கைவிட்டு, ஈரம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தான்.

கூட்டத்தில் ஒருத்தன் விசில் அடித்தான். சென்ஸிக்குப் பொறுமை போயிற்று.

"யோவ் எருமை! எனக்கு உன்கூட டான்ஸுக்கு வரணும்யா! அதுக்கு நீ ஜெயிக்கணும்! போய் ஜெயிச்சுத் தொலையேன்!"

தேவாலயத்துச் சுவரில் பட்டு அது இன்னொரு தடவை கேட்டது. அன்றைக்கு மேஜையில் முகம் சிவந்ததற்குப் பயந்தவள், இப்போது ஊர் முழுக்கப் பார்க்க ஒற்றைச் சாக்ஸோடு பனியில் உட்கார்ந்திருந்தாள்.

க்விரின் பூட்ஸை அவள் கையில் கொடுத்தான். போய் வண்டியில் உட்கார்ந்தான். சமதரை, வண்டி நகரவில்லை. இரண்டு குதிகாலாலும் வாத்து மாதிரி தள்ளினான். வாஸ்டல் கூடவே நடந்து அடிப்பட்டையை நக்கிக்கொண்டு வந்தது. விரலளவு, விரலளவாக வண்டி ஊர்ந்தது. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. சென்ஸியும் தட்டினாள், ஒரு கையில் பூட்ஸோடு.

கோட்டைத் தாண்டினதும் அவன் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

சென்ஸி பூட்ஸை மாட்டி, வண்டியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு இரண்டாவதாக வந்தாள்.

"என்ன சென்ஸி, தோத்துட்டியே!" என்றது வட்ட மேஜை.

"ஆமாய்யா, தோத்துட்டேன். மேஜையில போய்ச் சொல்லிக்கோங்க."

க்விரின் குனிந்து வண்டியை மோந்து பார்த்தான். "ஏன் சென்ஸி, என் வண்டி எதுக்குக் கறி வாசம் அடிக்குது?"

"நாயைக் கேளு" என்றாள் அவள். பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, மிச்சத் தோலை வாஸ்டலுக்குப் போட்டாள்.