இரண்டாவது ஆள்

சிறைக் காவலர் சங்கத்தின் செயலாளருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த வளாகத்துக்குள் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சம்பளப் பிரிவில் இருந்தவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் பாயிண்ட். எந்தப் பேச்சுவார்த்தையிலும் “ஒரு பாயிண்ட் மட்டும்” என்று எழுந்து, ஏழெட்டைச் சொல்லி முடித்த பிறகுதான் உட்காருவார். இருபத்தாறு வருட வேலையில் பதினொரு வருடம் செயலாளர் பதவி. அதற்காக நிர்வாகம் ஷிப்டில் ஒரு மணி நேரம்கூடக் குறைத்துக் கொடுத்ததில்லை. மற்றவர்களைப் போலவே சாவிக்கொத்தோடு நடந்து, டியூட்டி முடிந்தபின் காக்கிச்சட்டை வேர்வை காயாமலேயே சங்க அறையில் உட்கார்ந்து மனு எழுதுவார்.

அவர் சாதித்த பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னது மருத்துவ அட்டையைத்தான். அதுவரை அட்டையில் மனைவி, பிள்ளைகள் பெயர் மட்டும் இருந்தது. பெற்றோரைச் சேர்க்க வேண்டும் என்பது சங்கத்தின் பழைய கோரிக்கை. காவலர்களில் பாதிப் பேருடைய வீட்டில் அம்மாவோ அப்பாவோ படுக்கையில் இருந்தார்கள். பாயிண்டின் அப்பாவுக்கே இதய வால்வு பழுது. வைத்தியர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்; கையில் வழியில்லாமல் அந்த நாள் தள்ளிக்கொண்டே போனது.

நிர்வாகம் ஒன்றரை வருடம் இழுத்தடித்து, கடைசியில் சரி என்றது. ஆனால் சும்மா இல்லை. பகல் ஷிப்டில் ஒரு தொகுதிக்கு இரண்டு காவலர்கள் எதற்கு, ஒருவர் போதும் என்றார்கள். கேமரா வந்துவிட்டது. இடுப்பில் மாட்டிக்கொள்ள அலாரம் தருகிறோம். அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் ஆள் வந்து நிற்கும் என்றார்கள். பாயிண்ட் இரண்டு நாள் யோசித்தார். கொட்டடிக் கதவைத் திறக்கும்போது இரண்டு காவலர்கள் இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு பழைய வரி உண்டு. அதைப் பற்றி நிர்வாகம் வாயே திறக்கவில்லை. அந்த வரி அப்படியே இருந்தால் நம் ஆட்களுக்குப் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டு, அவரும் அதைக் கிளறாமல் விட்டுவிட்டார். பொதுக்குழுவில் ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கையும் உயர்ந்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார்கள். அடுத்த மாதமே அப்பாவுக்கு வால்வு மாற்றினார்கள்.

மூன்று வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பிறகு நடந்தது அவர் வீட்டு ஆளுக்கே.

அவர் மனைவியின் தம்பியும் அங்கே காவலர்தான். வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே இவர். முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் குழந்தைகள். நிறைந்த கேஸ் சிலிண்டரை ஒரே தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிறவன். அன்று காலை கணக்கெடுப்பு முடிந்த நேரம். மூன்றாம் தொகுதியில் அறுபத்திரண்டு கைதிகளுக்கு அவன் ஒருவன். ஒரு கொட்டடியிலிருந்து கூச்சல் கேட்டு ஓடினான். பக்கத்துக் கொட்டடியில் ஒருவன் தூக்குப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது.

மைத்துனன் அலாரத்தை அமுக்கினான். கதவைத் திறந்தான். இரண்டு கைகளாலும் அவனைக் கட்டிப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டான். அவ்வளவுதான் ஒரு ஆளால் முடியும். முடிச்சை அவிழ்க்க இன்னும் இரண்டு கை வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அங்கிருந்தவர் வாசலுக்குப் போன் போட்டார். வாசலில் நீதிமன்ற வண்டிகள் வந்து நின்றதால் யாரும் அசைய முடியவில்லை. சமையல்கூடத்துக்குப் போட்டார். அங்கேயும் ஒரே ஆள். ஆள் வந்து சேர ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் திமிறித் துடிக்கிற உடம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். நான்காவது நிமிடத்திலோ ஐந்தாவதிலோ இடுப்புக்கு மேலே ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்ததாம். ஆனாலும் விடவில்லை.

கைதி பிழைத்தான். மைத்துனனுக்கு முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது கால் மட்டும் திரும்பி வரவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடந்தான்.

பணியில் ஏற்பட்ட காயத்துக்கான சலுகை கேட்டுப் பாயிண்ட் தானே மனு எழுதினார். இதைவிட நியாயமான மனுவை அவர் எழுதியதே இல்லை. ஆறு வாரத்தில் நிராகரித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனார்.

கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். காரணம் இரண்டு என்றார். ஒப்பந்தத்தில் இருப்பது ‘கைதியின் தாக்குதலால் ஏற்படும் காயம்’. இது தாக்குதல் இல்லை. இரண்டாவது, இரண்டு பேர் இல்லாமல் கதவைத் திறந்தது விதிமீறல்.

“ரெண்டு பேர் வேணும்னு விதி சொல்லுது. ஒருத்தரைத்தானே சார் நீங்க போட்டிருக்கீங்க?” என்றார் பாயிண்ட்.

கண்காணிப்பாளர் கோப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். நீல மையில் அவருடைய கையெழுத்து.

“நாங்க போடல. நாம போட்டோம்.”

எந்த வரியைப் பாதுகாப்பு என்று பாயிண்ட் விட்டுவைத்தாரோ, அதே வரியை எடுத்து அவர் ஆளையே அடித்திருந்தார்கள். விதிப்படி திறக்கக் கூடாது. திறக்காமல் நின்று கைதி செத்திருந்தால் அலட்சியம் என்று எழுதியிருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் தவறு காவலனுடையதாகவே இருக்கும்படி காகிதம் அமைந்திருந்தது. அமைத்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

எழுந்தபோது கண்காணிப்பாளர் குரலைத் தணித்துக்கொண்டு, கைதி காலால் உதைத்திருப்பான் இல்லையா என்று கேட்டார். வாக்குமூலத்தில் ‘தாக்கினான்’ என்ற ஒரு சொல் இருந்தால் தன் கையைக் கட்டி வைக்க யாராலும் முடியாது என்றார். முழுச் சம்பளம், ஆயுள் முழுக்க சிகிச்சை, எல்லாம் வந்துவிடும்.

பாயிண்ட் அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார். புது வாக்குமூலத்தை அழகான கையெழுத்தில் எழுதியே கொண்டு போயிருந்தார். மைத்துனன் ஒருக்களித்துப் படுத்தபடி அதை முழுதாகப் படித்தான். படித்துவிட்டுப் பேனாவைத் தொடவில்லை.

“அவன் உதைக்கல மாமா. உயிர் போற நேரத்துல கால் தானா அடிச்சுக்குது. அதைத் தாக்குதல்னு எழுதறதா?”

குழந்தைகளை நினைத்துப் பார் என்றார் இவர். ஒரே ஒரு சொல்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றார்.

“அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சேரும். தனிக் கொட்டடியில போடுவாங்க. அங்க மறுபடியும் தொங்குவான். அப்ப நான் எதுக்கு அவனைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்?”

பாயிண்டுக்குக் கோபம் வந்தது. பிழைக்கத் தெரியாதவன் என்று மனசுக்குள் திட்டினார். படியிறங்கி வரும்போது அந்தக் கோபம் எப்படியோ அவர் மேலேயே திரும்பிவிட்டது.

வீட்டில் மனைவிக்கு அவர் மீதும் தம்பி மீதும் எரிச்சல். தம்பி கையெழுத்துப் போடவில்லை என்றதும் அவனுக்குத் திமிர் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவன் அப்படித்தான், சின்ன வயசிலிருந்தே பொய் சொல்ல வராது என்று அழுதாள். உள்ளறையில் அவள் மாமனார் மாத்திரை போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்கப்பாவுக்கு நெஞ்சு வந்துச்சு, என் தம்பிக்கு முதுகு போச்சு. கண்ணை வித்து சித்திரம் வாங்கிட்டு, இப்ப யாரைக் குத்தம் சொல்றது?”

ஒன்று மட்டும் செய்யலாம் என்று முடிவெடுத்தார். அவசரப் பொதுக்குழு கூட்டி, இரண்டாவது ஆளைத் திரும்பக் கேட்பது என்று தீர்மானம் கொண்டுவந்தார். நூற்றுநாற்பது பேர் வந்திருந்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தன் கையெழுத்துதான் இதற்குக் காரணம் என்பதையும் சொன்னார். இரண்டாவது ஆளைக் கேட்டால் மருத்துவ அட்டையை மறுபரிசீலனை செய்வோம் என்று நிர்வாகம் எழுதியிருந்ததையும் மறைக்காமல் படித்தார்.

அவரோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்த காவலர் ஒருவர் எழுந்தார். நெருங்கிய சிநேகிதர். தன் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது என்றார். “உன் மச்சினனுக்கு என்ன வேணா செய்யலாம், வசூல் பண்ணித் தரலாம். அட்டையில மட்டும் கை வைக்காதே. உன் கால்ல விழுறேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, முகம் தெரியவில்லை, “கதவைத் திறக்கச் சொன்னது யாரு?” என்றான். யாரும் அவனை அடக்கவில்லை.

தீர்மானத்துக்கு ஆதரவாகப் பத்தொன்பது கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று அவருடையது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. தனியாக இருக்கும் காவலர் எந்தக் காரணத்துக்காகவும் கொட்டடியைத் திறக்கக் கூடாது. அலாரம் அடித்துவிட்டு இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவர் மேல் எந்த நடவடிக்கையும் இருக்காது. உறுப்பினர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. இனிமேல் அலட்சியம் என்று யாரும் எழுத முடியாது. படித்துப் புரிந்துகொண்டதாக எல்லோரும் கையெழுத்திட வேண்டும். செயலாளர் என்ற முறையில் முதல் கையெழுத்து பாயிண்டுடையது.

மைத்துனனை உடல் தகுதி இல்லை என்று வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கு நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பாயிண்டுக்கு ஐந்தாம் தொகுதியில் டியூட்டி. கடைசிக் கொட்டடியில் ஒரு லாரி டிரைவர் இருந்தான். விபத்து வழக்கு, வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இவர் வயதுதான் இருக்கும். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பியருகே வந்து உட்கார்ந்தான். முகம் சாம்பலாகி, வேர்த்துக் கொட்டியது. அப்பாவைப் பார்த்தவர் என்பதால் அது என்னவென்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அலாரத்தை அமுக்கினார்.

“அண்ணே, திறங்கண்ணே. மூச்சு வரல. கொஞ்சம் வெளியில விடுங்க.”

வந்துகொண்டே இருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்றார் பாயிண்ட். சாவி கையில்தான் இருந்தது. பூட்டுக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருப்பதை நினைத்தார். அப்பாவின் மாத்திரைகளை நினைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து நடக்கிற மைத்துனனை நினைத்தார். இரண்டு முறை சாவியைப் பூட்டு வரை கொண்டுபோனார். அந்த மனிதன் இன்னும் இரண்டு தடவை “அண்ணே” என்றான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சிய நேரத்தைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது, இதைத் தாங்க முடியவில்லை.

ஏழு நிமிடத்தில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்தார்கள். சிறை வைத்தியர் வந்து பார்த்துவிட்டு நேரத்தை எழுதிக்கொண்டார். ஆரம்பத்திலேயே யாராவது நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்று பாயிண்ட் கேட்டார். சொல்ல முடியாது, பிழைத்திருக்கலாம் என்றார் வைத்தியர்.

விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. காவலர் மேல் குற்றமில்லை. நெருக்கடியிலும் விதிமுறையை உறுதியாகப் பின்பற்றியதற்காகப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்து, அதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவர் தோளைத் தட்டினார்கள். நல்லவேளை, உன் மச்சினன் மாதிரி மாட்டிக்கொள்ளவில்லை என்றார்கள்.

மைத்துனன் வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனார். திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் போனார். திட்டு வாங்குவதற்கென்றே போனார் என்றும் சொல்லலாம். சாவியைப் பூட்டு வரை கொண்டுபோனது உட்பட எதையும் மறைக்காமல் சொன்னார். மைத்துனன் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அந்த டிரைவருக்குக் குடும்பம் உண்டா என்று மட்டும் ஒரு தடவை கேட்டான். உண்டு என்றார்.

“உங்களைத் தப்பு சொல்ல மாட்டேன் மாமா” என்றான் கடைசியில். “எனக்கு ஆனதைப் பாத்தவன் எவனும் இனி திறக்க மாட்டான்.”

அவன் அதைக் கோபமில்லாமல் சொன்னான். கையை ஊன்றி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாயிண்ட் நாற்காலியை விட்டு எழுந்தார்.

செருப்பை மாட்டும்போது மைத்துனனின் மனைவி வாசல் வரை வந்தாள். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்தவரை நிறுத்தியாகிவிட்டது என்றாள். ஓய்வு கொடுத்து அனுப்பியவர்களுக்கும் அந்த மருத்துவ அட்டை செல்லுமா, ஆபீசில் யாரும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

“நீங்கதான் அண்ணா அதை வாங்கிக் கொடுத்தீங்கன்னு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

அவருக்குத் தெரியும். பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று அந்த வரியை வரைவில் எழுதியதே அவர்தான். செல்லாதும்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.