அத்தையிடம் கேட்க வேண்டியது

ஊரார் வீட்டுக் கக்கூஸ் விவகாரத்தையெல்லாம் வாய் கூசாமல் விசாரிக்கிறவன் அந்த பிளம்பர். எப்போதிலிருந்து அடைப்பு, உள்ளே என்னத்தைப் போட்டீர்கள் என்று பெரிய மனிதர்களையே நிற்கவைத்துக் கேட்பான். ஆனால் மாமியார் என்று வந்துவிட்டால் ஐயாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் "சாப்பிட்டீங்களா அத்தை", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி இருவரும் பேசினதில்லை. பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்துவது அவன் மனைவிதான்.

அந்த மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோதுதான் மாமியாருக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. தெருவில் பாதி வீடுகளில் அதே கூத்து. எல்லாரும் வீட்டிலேயே கிடந்து தேறிக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் வாங்கி, கொதித்து ஆறின தண்ணீரில் கலந்து, அவள் அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். "கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க அத்தை. மடமடன்னு குடிச்சா வெளிய வந்துடும்." டம்ளர் ஒவ்வொரு தடவையும் காலியாகவே திரும்பியது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மனைவி ஃபோனில் குடைந்தாள். "வாந்தி?"

"நின்னுடுச்சு."

"பேதி?"

"அதுவும்தான். பாத்ரூம் கதவுச் சத்தமே கேக்கலை."

"ஒண்ணுக்குப் போறாங்களா? அதை முதல்ல கேட்டுச் சொல்லுங்க. அது நின்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்."

போனான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் மாமியார்.

"அத்தை."

"ம்."

கேள்வி தொண்டைவரை வந்தது. "ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் மாப்பிள்ளை. நீங்க வேலைக்குப் போங்க."

திரும்பி வந்து, "போறாங்க, போறாங்க. நல்லாத்தான் இருக்காங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். பாவி மனுஷன், கூசாமல் கேட்க வேண்டியதைக் கேட்காமல், கூச வேண்டிய பொய்யைக் கூசாமல் சொன்னான்.

மறுநாள் முழுக்க அவள் தூங்கினாள். அசதி, தூங்கட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் கஞ்சியோடு வந்து கூப்பிட்டால் பதிலில்லை. தயங்கித் தயங்கித் தோளைத் தொட்டு உலுக்கினான். கண் குழிந்து உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அப்படியே வாரி எடுத்துத் தன் வேலை வண்டியில் கிடத்தினான்.

வழியில் அவள் கண்ணைத் திறந்தாள். "வாஷ்பேசின்ல கொட்டிட்டேன் மாப்பிள்ளை."

"எதை அத்தை?"

"நீங்க குடுத்த தண்ணியை. குடிச்சாப் போகுதே. எந்திரிக்க முடியாம படுக்கையிலயே போயிட்டா, நீங்கல்ல கழுவணும்."

"கழுவினா என்ன அத்தை? கழுவ மாட்டேனா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ரோடு தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டாள், "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனாங்க?"

"தெரியாதுங்க."

"வாந்தி நின்னா மட்டும் சரியாயிட்டதா அர்த்தமில்லைங்க. ஒண்ணுக்குப் போகலை, எழுப்பினா முழிக்கலைன்னா அப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும். கிட்னி வேலை செய்யலை. பாக்கிறோம்." அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

சேதி கேட்டுக் கிளம்பின மனைவி பஸ்ஸிலிருந்து ஃபோன் செய்தாள். "எப்படி இப்படி ஆச்சு? போறாங்கன்னு சொன்னீங்களே?"

"நான் கேக்கவே இல்லை. கேட்டதாப் பொய் சொன்னேன். அவங்க தண்ணியே குடிக்கலையாம். நான் கழுவுற மாதிரி ஆயிடுமோன்னு."

அவள், "ஃபோனை அம்மா காதுல வைங்க" என்றாள்.

வைத்தான். ஃபோனுக்குள்ளேயிருந்து மனைவியின் குரல் கசிந்தது. "ஏம்மா, அவர் என்ன வேத்து மனுஷனா? உம் பிள்ளைன்னா இப்படிச் செய்வியா? சொல்லும்மா."

நர்ஸ் வந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவன் அத்தையின் காதிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை. "அம்மா, கேக்குதா? இதோ வந்துட்டே இருக்கேன்" என்று மனைவி பேசிக்கொண்டே இருந்தாள். அத்தையின் மூச்சு நின்றுவிட்டிருந்தது. அதைச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை.