ஜேரமின் ரொட்டியைத் தின்றவன்

நான் தின்றது எந்த ரொட்டி என்பது ஞாயிறு காலை எட்டே காலுக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் எல்லோருக்கும் உபவாசம். சனிக்கிழமை மாலைச் சாப்பாட்டோடு வாயை மூடினால் மறுநாள் மாலைதான் திறக்கலாம். அதனால் சனி மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டைப் பார்த்தால் பனிக்காலத் தூக்கத்துக்குத் தயாராகும் கரடிக் குகை போலிருக்கும். புரோவோ நகரில் கல்லூரிக்குப் போகும் ஆறு பேர், ஒரே சமையலறை. யார் எதை வாங்கினாலும் அதன்மேல் பெயரை எழுதி வைக்க வேண்டும். பெயர் இல்லாதது பொதுச்சொத்து. இது வீட்டுச் சட்டம்.

அடுப்புமேடையில் வெள்ளைத் துணி சுற்றிய ரொட்டியில் பெயர் இல்லை. இன்னும் சூடாக இருந்தது. வெண்ணெயும் தேனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்தபோது துணிதான் மிச்சம்.

மறுநாள் காலை அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், எங்கள் ஆறு பேரில் ஒருவனான ஜேரம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை.

"துணி இருக்கு. ரொட்டி எங்கடா?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஸ்டெர்லிங் தலையைத் தூக்காமலே சொன்னான். "ஹீபரைக் கேளு. நேத்து அஞ்சு மணிக்கு அவன் வாய்லதான் கடைசியாப் பாத்தேன்." ஹீபர் நான்தான்.

"அது திருவிருந்துக்குச் சுட்டதுடா," என்றான் ஜேரம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திருவிருந்து என்றால் ஞாயிறு கூட்டத்தில் ஜெபம் சொல்லி, ஆளுக்கொரு துணுக்காகப் பிய்த்துக் கொடுக்கும் ரொட்டி; உபவாசத்திலும் அது மட்டும் உண்டு.

ஜேரமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெயர் கேட்டதும் அடுத்த கேள்வி, 'மிஷன் எங்கே போனே?' என்பதுதான். இரண்டு வருஷம் ஊர் ஊராகக் கதவு தட்டி ஊழியம் செய்துவிட்டு வருவோம். ஜேரம் சிலிக்குப் போனவன், ஐந்தாம் மாதம் திரும்பிவிட்டான். மூச்சு முட்டல், பயம், படபடப்பு. மருத்துவர்தான் அனுப்பி வைத்தார். யாராவது கேட்டால் 'சிலி' என்பான். 'முழுசா இருந்தியா?' என்று அடுத்த கேள்வி வருவதற்குள் நகர்ந்துவிடுவான். ஏழு மாதமாகச் சபைப் பக்கமே வரவில்லை.

எங்கள் பிஷப் சோரன்சன் வாரநாளில் பல் மருத்துவர். பல் பிடுங்குகிற பொறுமையோடு நாலு முறை வந்து ஜேரமிடம் பேசினார். ஐந்தாம் முறை, இந்த ஞாயிறு திருவிருந்துக்கு ரொட்டி கொண்டுவந்து நீயே ஜெபமும் சொல் என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துச் சரி என்றான். "இதையாவது முடிக்கறேன்," என்று ஸ்டெர்லிங்கிடம் சொன்னானாம். எல்லோரும் கடை ரொட்டிதான் கொண்டுபோவார்கள். இவன் தானே மாவு பிசைந்து சுடுவான் என்று நான் கண்டேனா?

"கடைக்கு ஓடிட்டு வந்துடறேன்," என்றேன்.

வங்கியைக் கொள்ளையடிக்கலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் இருவரும் பார்த்தார்கள்.

"ஓய்வுநாள்ல காசு குடுத்து வாங்கின ரொட்டிய, திருவிருந்து மேசையில வெப்பியா?" என்றான் ஸ்டெர்லிங்.

ஜேரம் சோபாவில் உட்கார்ந்து டையைத் தளர்த்தினான். "பிஷப்புக்குப் போன் பண்ணிடு. வேற யாராவது பண்ணட்டும். ஒரு ரொட்டியக்கூட என்னால கொண்டுபோய்ச் சேக்க முடியல."

"டையைக் கழட்டாதே," என்றேன். "எட்டு அம்பதுக்கு ரொட்டி வரும்." கூட்டம் ஒன்பது மணிக்கு.

கதவு தட்டுவதில் எனக்கு இரண்டு வருஷ அனுபவம் உண்டு. அர்ஜென்டினாவில் நாய் துரத்தியிருக்கிறது. ஒருமுறை தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் உபவாச ஞாயிறன்று சொந்தச் சபையாரின் கதவைத் தட்டி ரொட்டி கேட்டதில்லை.

எதிர் வீட்டில் ஆறு பெண்கள். ப்ரின்லி கதவைத் திறந்தாள். நான் கேட்டதும் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன பிரதர் ஹீபர், அதுக்குள்ள பசியா? இன்னும் எட்டு மணி நேரம் இருக்கே."

"எனக்கில்ல. திருவிருந்துக்கு."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

உள்ளே சிரிப்பு. ஜேரமின் பெயரைச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்துதான் அவன் ஏழு மாதம் வீட்டிலேயே இருந்தான்.

"திருவிருந்துக்கு வெச்சிருந்த ரொட்டிய நான் தின்னுட்டேன்," என்றேன்.

சிரிப்பு நின்றது. ஆறு பேரும் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள்.

"முழுசாவா?"

"முழுசா."

"வெண்ணெய் தடவியா?"

"வெண்ணெயும் தேனும்."

ப்ரின்லி உள்ளே போய் இரண்டு துண்டு பழுப்பு ரொட்டி கொண்டுவந்தாள். "எங்கம்மா பன்னெண்டு வருஷமா நிலவறையில வெச்சிருந்த கோதுமை. ஆபத்துக் காலத்துக்குன்னு. இதைவிட ஆபத்து வராது, கொண்டு போ."

அடுத்த வீட்டில் ஒரே ஒரு பர்கர் பன். மாடியில் மெக்சிகோக்காரன் எஃப்ரெயின் சோளமாவு டோர்ட்டியா தந்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருத்தி கொடுத்த அரிசிமாவு ரொட்டி செங்கல் கனம் கனத்தது. அதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. கடைசி நாலு வீடுகளில் நான் தட்டவேயில்லை. கையில் துண்டோடு வாசலில் நின்றார்கள். "இவன்தான் தின்னவன்," என்று ஒருவன் தன் அறைத்தோழனுக்குக் காட்டினான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், வீட்டிலிருந்த ரொட்டியைச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் நான் நீட்டிய பைக்குள் ஜேரம் வெகுநேரம் பார்த்தான். "இதெல்லாம் ஒரே தட்டுலயா?"

"பிச்சுப் போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

டையை இறுக்கிக்கொண்டான்.

எங்கள் சபை கூடுவது கல்லூரியின் வேதியியல் அரங்கில். சுவரில் தனிமங்களின் அட்டவணை, அதன் கீழே பரிசோதனை மேசை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. நாங்கள் பாடிக்கொண்டிருக்க, ஜேரம் ரொட்டியைப் பிய்த்தான். பழுப்பு, வெள்ளை, மஞ்சள். பாட்டு முடிந்ததும் முழங்காலிட்டான்.

அந்த ஜெபத்தில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது. பிசகினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஜேரம் இரண்டாம் வரியில் ஒரு சொல்லை விட்டான். பிஷப் இல்லை என்று மெல்லத் தலையசைத்தார். மறுபடி தொடங்கினான். பாதியில் மூச்சு நின்றது. ஒலிபெருக்கியில் அது எல்லோருக்கும் கேட்டது.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன்.

இருநூறு பேர் இருந்தோம், பட்டினியோடு. ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையிலிருந்து ஞாயிறுதோறும் இந்த ஜெபத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்படியொரு அமைதியை எங்கும் கேட்டதில்லை. அது காத்திருக்கும் அமைதி. அவனுக்கு எத்தனை நேரம் வேண்டுமோ அத்தனை நேரமும் இருக்கிறது என்று இருநூறு பேரும் சேர்ந்து சொன்னதுபோல் இருந்தது. என் கைமயிர் சிலிர்த்தது.

மூன்றாம் முறை, உறைந்த ஏரிமேல் நடப்பவன்போல் ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துப் போனான். கரை சேர்ந்தான். பிஷப் சரியென்று தலையாட்டினார். 'ஆமென்' என்ற சத்தத்தில் அரங்கு அதிர்ந்தது.

தட்டு வரிசையாக வந்தது. எஃப்ரெயினின் டோர்ட்டியாத் துணுக்கை ப்ரின்லி எடுத்தாள். அவள் வீட்டுக் கோதுமை எவனோ ஒருவனுக்குப் போயிற்று. யார் வீட்டு ரொட்டி யார் வாயில் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்தது அந்தச் செங்கல் ரொட்டி. நகத்தளவுதான். முந்தின நாள் முழு ரொட்டி தின்றவன், அந்தத் துணுக்கை விழுங்க மனமில்லாமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஜேரமின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஒருத்தர்கூடத் தலையத் தூக்கலடா," என்றான் மெதுவாக. "மூணு தடவையும் ஓரக்கண்ணால பாத்தேன். ஒருத்தர்கூட."

"ம்."

அவன் காலியான ரொட்டிப் பையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"அடுத்த மாசமும் நானே பண்றேன்னு பிஷப்கிட்ட சொல்லிட்டேன். அந்தத் தடவை ரொட்டிமேல பேர் எழுதி வைக்கறேன்."

"உன் பேரா?"

"உன் பேர்," என்றான். "ஹீபர், தொடாதே."