இல்லாத சிவப்புப் புள்ளிகள்

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுக்கும் சதை ஒடித்துப்போட்ட சேமியாத் துண்டு மாதிரி இருக்கும். அதை உப்புநீரில் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்து, "போதும்" என்றோ "இன்னொன்று எடுங்கள்" என்றோ சொல்வது என் வேலை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். பெயர் காசிமாயன். காசி பார்த்தால் தப்பாது என்று டாக்டர்களே சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

நான் தேடுவது சிவப்புப் புள்ளிகளை. சிறுநீரகத்தை நீளவாக்கில் பிளந்தால் வெளிப்பக்கம் கார்டெக்ஸ், உள்பக்கம் மெடுல்லா. ரத்தத்தை வடிகட்டுகிற குளோமெருலஸ்கள் கார்டெக்ஸில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கும் ஓர் உருண்டை. ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் உருண்டைகள். லென்ஸில் அவை பொடிப் பொடியாகச் சிவந்து புடைத்துத் தெரியும். மெடுல்லாவில் வெறும் குழாய்கள்தான், வெளுத்துப்போய்க் கோடு கோடாக இருக்கும். உருண்டையில் வந்த நோயை அந்தக் குழாய்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இசைவாணிக்கு இருபது வயது. கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண், கல்லூரியில் கடைசி வருடம். கால் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று அவளுடைய அம்மா தங்கப்பொண்ணு கூட்டிவந்திருந்தார். அப்பா இல்லை. சிறுநீரக மருத்துவர் சத்யப்ரியா அவளைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை வைத்து, மரத்துப்போக ஊசி போட்டார். இருந்தும், சதை எடுக்கும் ஊசி "டக்" என்று இறங்கியதும் அவள் வீறிட்டுவிட்டாள்.

துண்டை வாங்கி லென்ஸில் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. முழுக்க வெளுப்பு, கோடு கோடாக. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டிருந்தது. எப்போதாவது இப்படி நடப்பதுதான், இன்னொரு தடவை குத்தினால் சரியாகிவிடும்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தாள். மூக்கு நுனியில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, போதும்னு சொல்லுங்கண்ணே. ஒங்களக் கும்புடுறேன்" என்றாள் மெதுவாக.

"புள்ளி இருக்கா காசி?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கு மேடம். போதும்" என்றேன்.

வழக்கமாக இரண்டு துண்டாவது எடுப்போம். என் வார்த்தையை நம்பி அன்றைக்கு ஒன்றோடு நிறுத்தினார் டாக்டர். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நானே என்னைப் பல தடவை கேட்டுவிட்டேன். இரக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் இரக்கம் மட்டும் இல்லை. துண்டுக்குள் ஒன்றிரண்டாவது ஒளிந்திருக்கும், வெட்டும்போது பிடித்துவிடலாம் என்ற தெனாவெட்டும் இருந்தது.

மறுநாள் அதை மெழுகில் பதித்து, இழை இழையாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குழாய், குழாய், குழாய். இன்னும் சீவினேன். ஒரே ஒரு உருண்டை கிடைத்தாலும் போதும் என்று, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டு சீவினேன். மெழுகுக்கட்டியில் சதையே மிஞ்சவில்லை. மெடுல்லா மட்டுமே உள்ளது, நோயைக் கணிக்க இயலாது என்று ரிப்போர்ட் போனது.

"காரணம் தெரியாம பெரிய மருந்து ஆரம்பிக்க முடியாது. உடனே வரச்சொல்லுங்க" என்றார் டாக்டர். லென்ஸில் என் கண் ஏமாந்துவிட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டார். நானே போன் போட்டேன்.

"ஊர்ல காப்புக் கட்டியாச்சேப்பா" என்றார் தங்கப்பொண்ணு. "காப்புக் கட்டிட்டா வெளியூர்ல ராத்தங்கக் கூடாதுல்ல? அடுத்த புதன்கெழம வாரோமே. ஒரே குத்துல முடிச்சுவிட்டாகன்னு புள்ள ஊரெல்லாம் ஒன்னயத்தேன் சொல்லிக்கிட்டுத் திரியுது."

எனக்கும் காப்புத் தெரியும். எங்கள் ஊரிலும் அதே கட்டுப்பாடுதான். உயிருக்கு ஆபத்து என்றால் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள் என்பதும் தெரியும். அவசரம் என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே பஸ் ஏறியிருப்பார்கள். அழுத்தினால் ஏன் மறுபடியும் குத்தணும் என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

"சரிம்மா, திருவிழா முடிச்சுட்டே வாங்க" என்றேன். டாக்டரிடம், "காப்புக் கட்டியிருக்காங்க மேடம், வரமாட்டேங்கிறாங்க" என்று சொன்னேன்.

புதன்கிழமை வந்தபோது இசைவாணிக்கு மூச்சு வாங்கியது. முகம் ஊதிப்போயிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் இரண்டுக்குள் இருந்தது, ஏழைத் தாண்டிவிட்டது. இந்த முறை மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. முதல் இரண்டு தடவையும் "இல்ல மேடம்" என்று உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. அழத் தெம்பில்லை.

ராத்திரிக்குள் ஸ்லைடு தயாராகிவிட்டது. இப்போது உருண்டைகள் இருந்தன, இருபது. ஒவ்வோர் உருண்டையும் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்தில் செல்கள் பிறை வடிவத்தில் பெருகி உருண்டையை நசுக்குகிற நோய் அவளுக்கு. பிறை புதிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் மருந்துக்குக் கரையும். நார் பிடித்துவிட்டால் உருண்டை போனதுதான். இருபதில் பதினாறில் பிறை இருந்தது. அதில் பாதிக்கு மேல் நார் பிடித்திருந்தது. முதல் நாளே இன்னொரு துண்டு எடுத்திருந்தால் இந்தப் பெண்ணின் சிறுநீரகம் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

டாக்டர் சத்யப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே லென்ஸ்ல நானே பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நாள் பெரிய மருந்து ஏற்றியும் சிறுநீரகம் திரும்பவில்லை. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த அறைக்கு வெளியே தங்கப்பொண்ணு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"நாந்தேன் எம்புள்ளயக் கெடுத்தேன். காப்புக் காப்புன்னு எட்டு நாள் வச்சிருந்து கொன்னுட்டேனே!"

எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். புள்ளி இல்லாததை, இருக்கிறது என்று சொன்னதை, போனில் அவசரத்தை மறைத்ததை. "ஒங்க மேல தப்பில்லம்மா. எம் மேலதேன்."

அவர் என்னையே பார்த்தார். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன், அறைய வேண்டும் என்றும் நினைத்தேன்.

"இல்லாதத எதுக்குப்பா இருக்குன்னு சொன்ன?"

"புள்ள அழுதுச்சும்மா. போதும்னு சொல்லச் சொல்லி எங்கிட்டக் கேட்டுச்சு."

அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். பிடி இறுகியது, நகம் பதிந்தது.

"இத அவகிட்டச் சொன்னியா?"

"இல்லம்மா. இப்பப் போயிச் சொல்லணும்."

"சொல்லாத. தான் கேட்டதுனாலதான் கிட்னி போச்சுன்னு நெனச்சிரும். காலம் பூராம் நெனச்சுக்கிட்டே கெடக்கும். அம்மா காப்புக் கட்டுனதுனாலன்னே இருக்கட்டும். என்னய எம்புட்டு வேணும்னாலும் வையட்டும்."

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் அவரிடம் போனேன். அவர் அதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஒன்னய நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிராத" என்றார் கையை விட்டுவிட்டு.

உள்ளேயிருந்து நர்ஸ் கதவைத் திறந்தார். படுக்கையிலிருந்து இசைவாணி என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தங்கப்பொண்ணு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூப்புடுதுல்ல, போ" என்றார். "சிரிச்ச மொகமாப் போ."