இரட்டை முடிச்சு

வீடு எரிந்துபோன பிறகு கொத்தனார் மனைவி ஒருவழியாக எல்லாவற்றிலிருந்தும் தேறிக்கொண்டாள். கொத்தனார் பகலெல்லாம் ஊரார் வீட்டைக் கட்டிவிட்டு, சாயங்காலம் வந்து கரி அப்பிய தன் சுவரின் மேல் புதுச் செங்கல் அடுக்கினார். "ஊருக்கே வீடு கட்டுறவன் தார்ப்பாய்க்குள்ள படுக்குறான் பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அடுப்பு மூட்டக்கூட அவள் பயப்படவில்லை. மாட்டைக் கட்டத்தான் முடியவில்லை.

தம்பி ஒரு சினைப்பசுவை ஓட்டிவந்து கொடுத்திருந்தான். கயிற்றை முளையில் சுற்றுவாள்; முடிச்சுப் போடும்போது விரல் மரத்துப்போகும். அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். பசுவுக்கென்ன, நேரே பக்கத்து வெண்டைத் தோட்டத்துக்கு விருந்தாளியாகிவிடும்.

அந்தத் தோட்டத்து வெண்டைக்காய்க்காரர்தான் தீப்பிடித்த அன்று, காய்ச்சலில் சுருண்டு கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். கொத்தனார் அப்போது வேலைக்குப் போயிருந்தார். தீயில் வெந்த வெண்டைக்காய்க்காரரின் காதுமடல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. செடியைத் தின்ற பசுவை அவர் சத்தமில்லாமல் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். அவர் மனைவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரு நாள் காலையில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"உசுரைக் காப்பாத்தினதுக்கு நல்லா செய்யறம்மா. பாதித் தோட்டம் போச்சு."

"இனிமே கட்டிடுறேன் அண்ணி."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. கட்டுறதுக்கு என்ன, கை ஒடிஞ்சா போச்சு?"

வேலைக்குப் போகுமுன் கொஞ்சம் கலவை குழைத்துக்கொண்டிருந்த கொத்தனாருக்கு முகம் சுண்டிப்போனது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பசுவை இறுக்கிக் கட்டினார். "இதை மட்டும் நீ அவுத்துப் பாரு" என்றார். கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனார்.

மதியம் காற்று எழுந்து தார்ப்பாய் படபடத்தது. பசு மிரண்டு கயிற்றை இழுத்துக் கத்தியது. அரிவாளோடு ஓடியது அவளுக்கு நினைவில்லை. கயிறு அறுந்து கிடப்பதைத்தான் பார்த்தாள்.

சற்று நேரத்தில் வெண்டைக்காய்க்காரர் பசுவோடு வந்தார். அறுபட்ட நுனியைப் பார்த்தார்.

"அவுக்கக்கூடப் பொறுக்கலையா?"

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அன்னைக்கு நான்தான் கட்டினேன். பழைய மாடு அறுத்துக்கிட்டு ஓடுதுன்னு ரெட்டை முடிச்சுப் போட்டேன். நீங்க என்னைத் தூக்கிட்டு வரும்போது அது கத்துச்சு. எனக்குக் கேட்டுச்சு."

அவர் அறுந்த கயிற்றைக் கையில் எடுத்தார்.

"ரெட்டை முடிச்சுன்னு தெரியும்மா. உன்னை வெளியில கிடத்திட்டு மாட்டை அவுக்கத் திரும்பவும் உள்ள போனேன். ஒரு முடிச்சு வந்துச்சு. அடுத்ததுல கை வைக்கறதுக்குள்ள கூரை இறங்கிடுச்சு."

அன்று அவர் மறுபடி தீக்குள் போனது அவளுக்கு இதுவரை தெரியாது. "என் தப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கேட்க வாயெடுத்தாள்; கேட்க மனசு வரவில்லை. அவராகவும் அப்படிச் சொல்லவில்லை. சுருங்கிய காதுமடலைத் தடவிக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒரு கட்டுக் கழிகளைக் கொண்டுவந்து போட்டார். கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழி தோண்டச் சொன்னார். பட்டி போட்டு மாட்டை அடைத்துவிட்டால் கட்ட வேண்டியதில்லை. வெண்டைக்காய்க்காரர் மனைவியும் வந்தாள். திட்டிக்கொண்டேதான் கழியைப் பிடித்தாள்.

"வாசல் கழி ஒரு கையால தள்ளினாலே விழணும்" என்றாள் கொத்தனார் மனைவி.

"அப்ப மாடு தள்ளினாலும் விழுமே" என்றார் கொத்தனார்.

"விழட்டும்."

கொத்தனார் வெண்டைக்காய்க்காரரைப் பார்த்தார். அவர், "அவ சொல்றபடியே வையப்பா" என்றார்.

பசு இரண்டொரு தடவை கழியைத் தள்ளிக்கொண்டு போகத்தான் செய்தது. அண்ணி வந்து நன்றாகத் திட்டித் தீர்த்தாள். கொத்தனார் மனைவி கேட்டுக்கொண்டு, கூடவே போய்ப் புது விதை ஊன்றிக்கொடுத்துவிட்டு வந்தாள். குனிந்து ஊன்றும்போது பழைய மாடு கத்திய அந்தச் சத்தம் காதில் கேட்கத்தான் செய்தது. அதற்காக வேலையை நிறுத்தவில்லை. பாத்தி முடியும்வரை ஊன்றினாள்.