பன்னிரண்டுக்குப் பதினான்கு

வெர்னன் ஹால்ஸ்டெட் நெப்ராஸ்காவில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். "எங்க கொள்ளுத்தாத்தா இந்த மண்ணுல முதல்ல குடியேறினவரு. பன்னெண்டுக்குப் பதினாலு வீடு கட்டி, நூத்தி அறுபது ஏக்கருக்குப் பட்டா வாங்கினாரு" என்று முப்பது வருடமாக அளந்துகொண்டிருந்தார். கேட்டவர்களுக்குக் காது புளித்துவிட்டது. அவருக்குத்தான் வாய் வலிக்கவே இல்லை.

ஒருவர் மட்டும் நம்பவில்லை. வெர்னனின் மகளை மருமகளாக்கிக்கொள்ளப்போகும் எல்மோ கிராஃப்ட். ஐந்து தலைமுறையாக ஒரே நிலத்தில் சோளம் போடுகிற மனுஷன். சம்பந்தி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்குள் அந்த வாயால், 'நீயும் பழைய குடும்பம்தான்யா' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். வெர்னனுக்கு அது மானப் பிரச்சினை.

அதனால்தான் குடியேறிகளின் வீடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் மாநிலப் பூங்காவுக்கு எல்மோவை இழுத்துக்கொண்டு போனார். இத்தனைக்கும் அவரே அங்கே போவது அதுதான் முதல் தடவை. பெருமை பேச நேரில் பார்க்க வேண்டுமா என்ன?

"ஹால்ஸ்டெட் வீடா? வெளியில தேடாதீங்க சார், உள்ள இருக்கு" என்று அழைத்துப்போனாள் வழிகாட்டிப் பெண்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது வீடு. கதவு, ஜன்னல், புகைபோக்கி எல்லாம் உண்டு. பூனை படுத்தால் வால் வெளியே நிற்கும்.

"அந்தக் காலத்துல சர்க்கார் நிலத்தை இனாமாக் குடுத்துச்சு" என்று விளக்கினாள் அவள். "பட்டா வேணும்னா, நிலத்துல பன்னெண்டுக்குப் பதினாலு வீடு இருக்குன்னு சத்தியம் பண்ணணும். அடியா அங்குலமான்னு யாரும் கேக்கல. இவரு அங்குலத்துல கட்டிட்டு, பைபிள் மேல கைய வெச்சுட்டாரு!"

வெர்னன் முகத்தில் ஈயாடவில்லை. ஓடி ஒளியலாமென்றால் கொள்ளுத்தாத்தா வீட்டு வாசலில் அவர் கட்டைவிரல்தான் நுழையும்.

எல்மோ குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"போன வருஷம் என் தங்கச்சிக்கு, ஏரியப் பாத்த வீடுன்னு ஒண்ணு வித்தியே?"

"ஆமா..."

"டாய்லெட் மேல ஏறி நின்னாத்தான்யா ஏரி தெரியுது!"

எல்மோ வெர்னன் தோளில் கைபோட்டார். "சந்தேகப்பட்டது என் தப்புதான், சம்பந்தி. நீ அந்தப் பரம்பரையேதான்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த 'சம்பந்தி' காதில் தேனாக இறங்கியதே, அதை என்ன செய்ய? கிளம்பும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். பேனாவை வாங்கி எழுதினார்: "கச்சிதமான வீடு. பராமரிப்புச் செலவே இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் நூற்று அறுபது ஏக்கரும் தெரியும்."